காடும் மலையும் கடந்த காமிரா

வாசகர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் பழைய படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கல்யாணப் படம் இருக்கும். பிள்ளைக்குக் காது குத்திய படம் இருக்கும். ஆனால் விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் நின்ற படம், வாளியில் பால் சுமந்து வந்த படம், லயத்து வாசலில் பாட்டி வெற்றிலை இடித்த படம் இருக்கிறதா? பெரும்பாலும் இராது. தினமும் பார்ப்பதைப் படமெடுக்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

அப்படித் தோன்றிய ஒரு பெண்மணி சரவாக்கில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் பெயர் ஹெட்டா மோரிசன்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1908-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அதன் விளைவாக ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. 11 வயதில் கையில் ஒரு பெட்டிக் காமிரா கிடைத்தது. பின்னர் மருத்துவம் படிக்கப் போனார். அதில் மனம் ஒட்டவில்லை. மூனிக் நகரில் புகைப்படக் கலையை முறையாகப் பயின்றார்.

1933-இல், பீக்கிங் நகரிலிருந்த ஒரு ஜெர்மானியப் புகைப்பட நிலையத்துக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டார். விண்ணப்பித்தார்; வேலை கிடைத்தது. 25 வயதுகூட நிறையாத பெண், தன்னந்தனியாகக் கப்பலேறிச் சீனா போய்ச் சேர்ந்தார். அங்கே கழிந்தவை 13 ஆண்டுகள். கோயில்களையும் கோட்டை மதில்களையும் மட்டுமா எடுத்தார்? பொம்மை செய்பவரை எடுத்தார். தெருவோரத்தில் தீனி விற்பவரை எடுத்தார். 1935-இல் ஹுவா ஷான் என்னும் புனித மலைக்குப் போனார். 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய செங்குத்துப் பாறைகள். அந்தக் காலோடுதான் ஏறினார்!

பிற்காலத்தில், சாலைக்கும் சுரங்க ரயிலுக்குமாகப் பீக்கிங்கின் பழைய மதிலில் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மதில் போய்விட்டது, அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன.

1946-இல் அலிஸ்டேர் மோரிசனை மணந்தார். கணவருக்குச் சரவாக்கில் ஆட்சி அதிகாரி வேலை கிடைக்கவே, 1947-இல் இருவரும் அங்கே குடியேறினர். கணவர் உட்பகுதிகளுக்குச் சுற்றுப்பயணம் போகும்போதெல்லாம் இவரும் கூடவே கிளம்புவார். ஆற்றில் நீளப் படகு, கரையேறினால் வழுக்கும் பாதை, நீண்ட வீட்டுக்கு ஏற வெட்டுப்படி போட்ட ஒற்றை மரம். இபான் மக்கள் மலை நெல் விதைப்பதையும், பெண்கள் துணி நெய்வதையும், கிழவர்கள் திண்ணையில் அமர்ந்து பேசுவதையும் படமாக்கினார். ‘சரவாக்’ என்ற நூல் 1957-இலும், நீண்ட வீட்டு வாழ்க்கையைக் காட்டும் நூல் 1962-இலும் வெளிவந்தன.

அவர் கையாண்ட ரோலிஃப்ளெக்ஸ் காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தாம் எடுக்கலாம். அதனால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் காமிராவை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மார்போடு வைத்துக் குனிந்து பார்த்தால் போதும். எதிரில் இருப்பவருக்குக் கூச்சம் குறையும். நம் நாட்டு ஈரக் காற்றில் படச் சுருளிலும் கண்ணாடி வில்லையிலும் பூஞ்சணம் பிடிக்கும் என்பதைச் சொல்லவா வேண்டும்? இத்தனைக்கும் நடுவில்தான் அவர் வேலை நடந்தது. 1960 முதல் 1966 வரை சரவாக் தகவல் இலாகாவில் பகுதி நேரமாகப் பணியாற்றி, அரசாங்கப் புகைப்படக்காரர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்.

1967-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகருக்குச் சென்ற ஹெட்டா, 1991-இல் காலமானார். அவருடைய பீக்கிங் படங்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பத்திரமாக உள்ளன.

சரவாக்கும் மாறிவிட்டது. பாக்குன் அணைக்காக 1990-களின் இறுதியில் ஏறத்தாழ 10,000 பேர் தங்கள் நீண்ட வீடுகளை விட்டு வேறிடம் போக நேர்ந்தது. நமக்கும் இது புதிய கதையல்ல. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீட்டு மனை வந்தது. லயம் இருந்த இடமே தெரியாமல் போன தோட்டங்கள் எத்தனை!

ஹெட்டா ஓர் அந்நியர். சரவாக் மக்களின் அன்றாட வாழ்வு ஒரு பொக்கிஷம் என்று அந்த அந்நியருக்குத் தெரிந்தது. நம் வாழ்வின் அருமை நமக்குத் தெரிய வேண்டாமா? நம் தோட்டத்துக்கு ஒரு ஹெட்டா வருவார் என்று காத்திருக்க முடியாது. இன்று கைப்பேசியிலேயே காமிரா இருக்கிறது. கோயில் திருவிழாவை எடுக்கும் அதே கையால், பால் வெட்டும் கத்தியையும், மங்கையும், பழைய ஆயாக் கொட்டகையையும், அம்மி அரைக்கும் அம்மாவையும் எடுத்து வையுங்கள்.

பழைய படங்களை ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும், மை ஊறும் பேனாவைத் தவிர்த்து, பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம். பெயர் இல்லாத முகம், பேரப்பிள்ளைகளுக்கு யாரோ ஒருவரின் முகமாகிவிடும்.