பச்சையும் பச்சையும் சந்தித்தால்

ஏலாக்குறிச்சியிலிருந்து திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் போகிறவர்கள் சிக்னலில் நின்றால் எதைப் பார்ப்பார்கள்? நொடி குறைகிறதா என்று மேலே பார்ப்பார்கள். அட, ஓரத்தில் போஸ்டர் ஒட்டித் தூசி படிந்து நிற்கிறதே ஓர் இரும்புப் பெட்டி, கூத்தெல்லாம் அதற்குள்தான்!

எந்தப் பக்கம் எப்போது பச்சை என்று முடிவெடுப்பது உள்ளே இருக்கும் கன்ட்ரோலர். பக்கத்திலேயே அதைத் துளியும் நம்பாத ஒரு ஆசாமி: கான்ஃப்ளிக்ட் மானிட்டர். கல்யாணப் பந்தியில் ஒரு சித்தப்பா இருப்பாரே, சமைக்க மாட்டார், பரிமாற மாட்டார், எந்த இலையில் என்ன விழுந்தது என்று மட்டும் பார்த்துக்கொண்டே போவார். அந்த ரகம். கன்ட்ரோலர் என்ன உத்தரவு போட்டால் என்ன, விளக்குக்குப் போகிற ஒயரில் நிஜமாகக் கரன்ட் வந்ததா என்பதே அதன் கவலை. ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டாலும், மழைநீர் இறங்கி ஒயர்கள் சேர்ந்தாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

எது எதோடு சேரலாம் என்று அதற்கு யார் சொன்னது? பல அமெரிக்க மாடல்களில் கையடக்கமாக ஒரு சர்க்யூட் அட்டை உண்டு. சேர்ந்து பச்சை எரியலாம் என்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு துண்டுக் கம்பி, ஈயம் வைத்துப் பற்றவைத்தது. கம்பி இல்லையா, ஜென்ம விரோதிகள்! சாஃப்ட்வேர் எப்படிக் குழம்பினாலும் அந்தக் கம்பி மாறாது.

அங்குள்ள மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான 'நேமா'வின் விதிப்படி, இரண்டு விரோதிகளுக்கும் ஒன்றாகப் பச்சை வந்து 200 மில்லி செகண்டுக்குள் மறைந்தால் மன்னிப்பு. 450-ஐத் தொட்டால் ஆட்டம் காலி. ரிலே என்கிற மின்காந்த ஸ்விட்ச் விழும், சந்திப்பு முழுக்கக் கண் சிமிட்டத் தொடங்கும், ஆள் வந்து ரீசெட் அழுத்தும்வரை மானிட்டர் மசியாது. மஞ்சள் 2.7 நொடிக்குக் குறைந்தாலும், ஒரு பக்கம் எந்த விளக்குமே எரியாவிட்டாலும் இதே தண்டனைதான். நம் ஊர் கன்ட்ரோலர்களிலும் பச்சை-பச்சை மோதலைக் கண்காணிக்கும் ஏற்பாடு உண்டு. இங்கே பெரும்பாலும் மஞ்சள் சிமிட்டும்.

இன்னொரு அழகு: எல்லாம் ஒழுங்காக ஓடும்போதுதான் அந்த ரிலேவைக் கரன்ட் பிடித்து வைத்திருக்கும். மானிட்டரே செத்தாலும் ரிலே விழுந்துவிடும். அரியலூரில் ரயிலுக்கு நிற்கிறவர்களுக்கும் இந்தத் தந்திரம் சொந்தம். 1872-இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டில் தண்டவாளம் வழியாக ஓடும் கரன்ட்தான் ரிலேவைப் பிடித்து வைத்திருக்கும். ரயில் ஏறினாலும் சிவப்பு, தண்டவாளம் உடைந்தாலும் சிவப்பு.

சித்தப்பா ஏமாறுவதும் உண்டு. அணைந்த ஸ்விட்சிலும் துளி கரன்ட் கசியும். வழக்கமாக பல்பு அதை விழுங்கிவிடும். பச்சை பல்பு பியூஸ் போனால் கசிவு போக வழியின்றி ஒயரில் வோல்டேஜ் ஏறி நிற்கும். ரோட்டில் பச்சையே இல்லை, மானிட்டரோ "பச்சை எரிகிறது!" என்று சந்திப்பை நிறுத்திவிடும். ஓடி வந்த டெக்னீஷியனின் மீட்டரும் அதற்கே ஒத்து ஊதும். அந்த முனையில் ஒரு பழைய குண்டு பல்பை மாட்டினால்தான் குட்டு உடையும்.