ஹார்பர் பக்கத்துலதான் இருக்கு, நம்ம தார் ஏன் கப்பல் ஏறலை?

ஏரல் ஆற்றுப்பாலத்தில் நின்று பார்த்தால் இரண்டு கரையும் வாழை. வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி துறைமுகம். ஆனாலும் நம்ம தார் மண்டிக்குப் போகிறது, அங்கிருந்து லாரி ஏறிக் கேரளாவுக்குப் போகிறது, கமிஷன் கழித்து மிச்சம் கைக்கு வருகிறது. போன மாதம் டீக்கடையில் ஒரு நண்பர் கேட்டார்: "ஹார்பருக்கு ஏழாயிரம் கோடிங்காங்களே அண்ணாச்சி, அதுல நமக்கு என்ன?" நியாயமான கேள்வி. அந்தப் பணம் எங்கே போகிறது, நமக்குரிய பணம் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

அவர் சொன்னது வ.உ.சி. துறைமுகத்தின் வெளித்துறைமுகத் திட்டம். மதிப்பு 7,056 கோடி ரூபாய். 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். பெரிய தாய்க்கப்பல் வந்து நிற்க ஆழம் வேண்டும். அந்த ஆழம் இல்லாததால் இங்கே ஏற்றும் பெட்டிகளில் பெரும்பகுதி சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே மாற்றி ஏற்றப்படுகிறது. இதில் நாளும் கூடுது, கூலியும் கூடுது. அதே 2024 செப்டம்பரில் 14.2 மீட்டர் ஆழமுள்ள புதிய சரக்குப்பெட்டக முனையம் திறந்தார்கள். 2025 ஜூலையில் சுமார் 450 கோடியில் கட்டிய விமான நிலைய முனையமும் திறந்தாச்சு.

இதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பணம் முழுக்க பெர்த்துக்கும் கப்பலுக்கும் நடுவே செலவாகிறது. நமக்குப் பொருள் கெடுவது தோட்டத்துக்கும் பெர்த்துக்கும் நடுவே.

வாழையையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்குப் போகும் காயை முக்கால் முற்றலில் வெட்ட வேண்டும். தார் தரையில் படக்கூடாது, தோள் மாற்றித் தூக்கிப் போடக்கூடாது. சீப்பு பிரித்து, பால் வடியவிட்டு, படிகாரத் தண்ணீரில் கழுவி, 13 கிலோ அளவில் அட்டைப்பெட்டியில் அடுக்கி, அன்றைக்கே குளிரூட்ட வேண்டும். பெட்டகத்துக்குள் 13 முதல் 14 டிகிரி. அதற்குக் கீழே இறங்கினால் தோல் கறுத்துவிடும், மேலே போனால் நடுக்கடலில் பழுத்துவிடும். ஒரு நாற்பதடி குளிர்பெட்டகம் நிரம்ப ஏறக்குறைய 20 டன் காய் வேண்டும். ஒரே வாரத்தில், ஒரே முற்றலில், வடு இல்லாமல் 20 டன். ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிற நம்மில் யாராலும் அது தனியாக முடியாது.

இந்தியா உலகத்திலேயே அதிகம் வாழை விளைவிக்கிற நாடு, உலக விளைச்சலில் கால் பங்குக்கு மேல். உலக ஏற்றுமதியிலோ நம் பங்கு 1 சதவீதம் அளவுதான். துறைமுகம் இல்லாமலா இந்த நிலை? சிப்பம் கட்டும் கூடமும் குளிர் அறையும் ஊர்ப்பக்கம் இல்லாததுதான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

இந்த நடுப்பகுதிக்கு அரசுப் பணம் இல்லாமல் இல்லை. மத்திய வணிகத்துறை 2017இல் கொண்டுவந்த ஏற்றுமதிக்கான வணிகக் கட்டமைப்புத் திட்டத்தில் சோதனைக்கூடம், குளிர்பதனக் கூடம் போன்றவற்றுக்குச் செலவில் பாதி, அதிகபட்சம் 20 கோடி வரை மானியம் உண்டு. ஆனால் அதை நம்ம குழு நேரடியாகக் கேட்க முடியாது. மாநில அரசு நிறுவனமோ ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்போதான் விண்ணப்பிக்க வேண்டும். எனவே கிராமசபையிலும் குறைதீர் கூட்டத்திலும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை, "இந்தத் திட்டத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிக்கு ஒரு பொதுச் சிப்பக்கூடம் கேளுங்கள்" என்பது. "ஏற்றுமதிக்கு உதவுங்கள்" என்று மட்டும் மனு கொடுத்தால் அது ஃபைலோடு தூங்கும்.

2020இல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதி நேரே நமக்கானது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், தனி விவசாயி எல்லோரும் கேட்கலாம். பெயரைப் பார்த்து மானியம் என்று ஏமாறாதீர்கள், அது வங்கிக் கடன். 2 கோடி வரைக்கும் 7 ஆண்டுகளுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடி. கூடம் ஆண்டில் எத்தனை நாள் ஓடும் என்று கணக்குப் போடாமல் கையெழுத்துப் போட்டால் தவணை மட்டும்தான் தவறாமல் ஓடும்.

இயற்கை விவசாயிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிஜிஎஸ் சான்று உள்நாட்டுச் சந்தைக்குத்தான். கப்பல் ஏற என்பிஓபி சான்று வேண்டும். தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் குழுவாகப் பதியலாம், குறைந்தது 25 பேர். மாற்றக்காலம் இரண்டு, மூன்று ஆண்டு பிடிக்கும். கூடம் கட்டிய பிறகு சான்றுக்கு ஓடினால் அத்தனை காலமும் கூடம் சும்மா கிடக்கும். சான்று வேலையை முதலில் தொடங்குங்கள்.

ஏற்றுமதி என்றதும் ஜி9 நடச் சொல்லுவாக. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2021இல் கேரளத்தின் காய்கறி பழ மேம்பாட்டுக் கவுன்சில், திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தோடு, நேந்திரனைக் கொச்சியிலிருந்து கப்பலில் லண்டனுக்கு அனுப்பிக் காட்டியது. நம்ம ஏத்தன்தானே அது! அக்கரையில் தமிழனும் மலையாளியும் தேடுவது அதைத்தான். பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதிலும் எச்சரிக்கை வேண்டும். வெற்றிலையில் சால்மோனெல்லா கிருமி கண்டதால் 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் வங்கதேச வெற்றிலையை உள்ளே விடாமல் நிறுத்தியது, அது விலகப் பல ஆண்டு ஆனது. ரசாயனம் இல்லை என்பது மட்டும் போதாது. வாய்க்காலில் முக்கி எடுக்கிற தண்ணீர் சுத்தமா என்றும் கேட்பார்கள்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியலை. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து 20 எம்ஜிடி திட்டத்தில் தூத்துக்குடி ஆலைகளுக்குத் தண்ணீர் நெடுங்காலமாகப் போகிறது. துறைமுகம் வளர்ந்தால் ஆலையும் வளரும், கேட்கிற தண்ணீரும் வளரும். கடைமடையில் வாழை வாடும்போது குளிர் அறையில் எதை வைப்பது? கட்டமைப்பு நிதி கேட்கிற அதே மனுவில், ஆலைகளுக்குக் கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடு, ஆற்றுத் தண்ணீரை விடு என்றும் கேட்க வேண்டும்.

கூடத்துக்கு இடம் பார்க்கும்போது 2023 டிசம்பர் 17, 18ஐ நினைவில் வையுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் கடைவீதி மூழ்கியது, பாலத்தருகே சாலை அறுந்தது. ஆற்றோரம் நிலம் சல்லிசாகக் கிடைக்கிறது என்று குளிர் அறையை அங்கே வைக்காதீர்கள், மேட்டில் வையுங்கள். மின்சாரம் போனால் ஓடுகிற ஜெனரேட்டரையும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்போதைக்கு நம்ம குழுவில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். யார் எத்தனை ஏத்தன் வைத்திருக்கிறார், எந்த மாதம் வெட்டு, தார் சராசரி எத்தனை கிலோ. ஒரு வருடக் கணக்கு சேர்ந்த பிறகுதான் வங்கிப் படி ஏறுவதாக இருக்கிறோம். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தால் இதழுக்கு எழுதுங்கள். 20 டன் சேர எத்தனை ஊர் வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.