கட்-ஆஃப் என்பது யாருடைய மார்க்?

(மூன்றாம் ஆண்டு மாணவன், ராஜகீழ்ப்பாக்கம்)



மே மாதம் வந்தால் டிப்ளமோ படிக்கிறவனுக்குத் தெருவில் திடீர் மரியாதை. மற்ற பதினோரு மாதமும் "என்னப்பா, பாலிடெக்னிக்கா?" என்று இழுத்தவர்கள்கூட, எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த மறுநாள் "தம்பி, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போப்பா" என்று கூப்பிடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பத்தாவது மார்க் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் கேட்டு வரிசையில் நின்றவர்கள் நாம். அந்த வரிசையின் சூடு ஆறாதவர்கள்.

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் தாம்பரம் - வேளச்சேரி சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் சேலையூர், கேம்ப் ரோடு. மறு பக்கம் செம்பாக்கம், மேடவாக்கம். இந்த ஒரு சாலையைச் சுற்றியே எத்தனை பள்ளிக்கூடங்கள்! ரிசல்ட் வந்த வாரத்தில் அப்பாமார்கள் டூவீலரில் கேட் கேட்டாக ஏறி இறங்குவார்கள். ஒரு போர்டில் முதல் குரூப்புக்கு 450, அடுத்த போர்டில் 425, இன்னொரு இடத்தில் வாட்ச்மேனே வாய்மொழியாக "நானூறுக்குக் கீழே அப்ளிகேஷன் கிடையாது சார்" என்பார். மாலையில் வீட்டுக்கு வந்து இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நம்மைக் கேட்பார்கள்: "இதுல எது உண்மையான கட்-ஆஃப்?"

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் நம் ஊரில் 'கட்-ஆஃப்' என்ற ஒரே சொல்லை மூன்று வேறு வேறு பொருளுக்குப் பயன்படுத்துகிறோம்.

ஒன்று, தகுதி மார்க். பாடத்துக்கு 35 எடுத்தால் பாஸ், பாஸ் செய்தவர் பிளஸ் ஒன்னுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது போல. இது முன்கூட்டியே எழுதி வைத்த விதி. இதற்குக் கீழே இருந்தால் கதவு திறக்காது. மேலே இருந்தால் கதவு திறக்கும், ஆனால் உள்ளே நாற்காலி இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, பொறியியல் சேர்க்கையில் சொல்லும் கட்-ஆஃப். "உன் கட்-ஆஃப் என்ன?" என்று பிளஸ் டூ பையனைக் கேட்டால், "178.5" என்பான். அது அவனுடைய சொந்த மார்க்! கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக மொத்தம் 200-க்குக் கணக்கிட்டது. வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் குழம்பித்தான் போவார். கட்-ஆஃப் என்றால் வெட்டும் இடம் அல்லவா, அது எப்படி ஒரு பையனின் மார்க் ஆகும்? தமிழ்நாட்டில் ஆகிவிட்டது. இதிலும் தலைமுறைக்குத் தலைமுறை குழப்பம். நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் பிளஸ் டூ 200, நுழைவுத் தேர்வு 100 என்று மொத்தம் 300. அந்தத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து கிடையாது. அதனால்தான் சில மாமாக்கள் "எங்க காலத்துல 270 வாங்கினேன்" என்று சொல்லும்போது, இப்போதைய பையன் 200-க்கு எப்படி 270 என்று முழிக்கிறான். (தாத்தாக்களைக் கேட்டால் கதையே வேறு. 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. என்பதே பதினோராம் வகுப்பு.)

மூன்றாவதுதான் நம் பெற்றோர்கள் தேடி அலைவது. போன வருஷம் கடைசியாக இடம் கிடைத்த மாணவனின் மார்க்.

இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு குரூப்பில் 50 சீட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 130 பேர் விண்ணப்பிக்கிறார்கள். மார்க்கை இறங்கு வரிசையில் அடுக்கி, மேலிருந்து 50 பேரை எண்ணி ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டுக்கு மேலே நிற்கும் ஐம்பதாவது ஆளின் மார்க் 421. அவ்வளவுதான், "இந்த வருஷம் கட்-ஆஃப் 421" என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த 421-ஐ எந்த ஹெட்மாஸ்டரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. அது தானாக விழுந்த எண். பஸ்ஸில் கடைசியாக ஏறியவர் ஐந்தரை அடி உயரம் என்பதால், நாளைக்கு ஐந்தரை அடி இருந்தால்தான் பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்று யாராவது சொல்வார்களா? மார்க் விஷயத்தில் மட்டும் சொல்கிறோம்.

அடுத்த வருஷம் இந்த எண் ஏன் மாறுகிறது? வினாத்தாளை முதலில் பாருங்கள். 2024 எஸ்.எஸ்.எல்.சி.யில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 20,691 பேர். 2025-ல் அதே கணிதத்தில் 1,996 பேர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை! பிள்ளைகள் ஒரே வருஷத்தில் மக்காகிவிட்டார்களா என்ன? அதே 2025-ல் அறிவியலில் சதம் எடுத்தவர்கள் 5,104-லிருந்து 10,838 ஆகக் கூடியிருக்கிறார்கள். தாள் மாறியது, அவ்வளவே. ஆக 2024-ல் கணிதத்தில் 95 எடுத்தவனும் 2025-ல் 95 எடுத்தவனும் வரிசையில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மார்க் ஒன்று, இடம் வேறு. கணித மார்க்கைப் பார்த்து முதல் குரூப் கொடுக்கும் பள்ளியில் போன வருஷக் கணக்கை வைத்து இந்த வருஷம் பயப்படுவதில் அர்த்தமே இல்லை.

கொரோனா வருஷங்களின் எண்ணை யாராவது நீட்டினால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். 2020-ல் பத்தாவது பொதுத்தேர்வே நடக்கவில்லை. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80, வருகைக்கு 20 என்று கணக்குப் போட்டார்கள். 2021-ல் மார்க்கே இல்லாமல் எல்லோரும் தேர்ச்சி. அந்த இரண்டு வருஷத்தோடு எதை ஒப்பிடுவது?

வினாத்தாள் தவிர, சீட் எண்ணிக்கை இருக்கிறது. பள்ளியில் ஒரு செக்ஷன் கூடினால் கோடு கீழே இறங்கும். பக்கத்தில் புதிதாக ஒரு மேல்நிலைப் பள்ளி வந்தால் விண்ணப்பம் பிரியும். இதையெல்லாம் எந்தப் போர்டும் சொல்லாது.

இப்போது எங்கள் தெருவில் 2025-ல் நடந்ததைச் சொல்கிறேன். டிபன் கடை வைத்திருக்கும் அக்காவின் மகள் 409 எடுத்திருந்தாள். உயிரியலோடு முதல் குரூப் வேண்டும், நர்ஸிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் போன வருஷம் 420-க்கு மேல்தான் கிடைத்ததாம் என்று யாரோ சொல்ல, அவள் அப்பா அப்ளிகேஷனே வாங்கவில்லை. நேரே ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருக்கிறார். அங்கே, "இன்னைக்குப் பணம் கட்டுங்க, நாளைக்கு கட்-ஆஃப் ஏறிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கட்-ஆஃப் என்ன தங்கம் விலையா, காலையில் ஒன்று மாலையில் ஒன்று ஏற? அன்று இரவு அக்கா வளையலை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "தம்பி, இதை வைக்கலாமா வேணாமா, நீ சொல்லு" என்றார்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. "அக்கா, வளையல் இருக்கட்டும். நாளைக்குக் காலையில முதல்ல அரசுப் பள்ளியில அப்ளிகேஷன் போடுங்க. 420-ங்கறது போன வருஷத்து ஆளோட மார்க். இந்த வருஷத்து ஆளு யாருன்னு யாருக்கும் தெரியாது."

போட்டார்கள். முதல் லிஸ்ட் 421-ல் நின்றது. அக்கா முகம் தொங்கிப்போயிற்று. அவள் அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். ஆனால் முதல் லிஸ்ட் என்பது முடிவு இல்லை. மேலே நிற்கும் ஐம்பது பேரும் மூன்று நான்கு இடங்களில் விண்ணப்பம் போட்டவர்கள். ஒருவன் பாலிடெக்னிக்குக்குப் போகிறான், ஒருத்தி வேறு பள்ளிக்குப் போகிறாள், ஒருவன் குடும்பத்தோடு ஊரை விட்டே போகிறான். அவர்கள் காலி செய்யும் இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட் மேலே நகர்கிறது. அந்தப் பள்ளியில் கடைசியில் 406 வரை வந்தது. பெண்ணுக்கு இடம் கிடைத்தது. போர்டில் மட்டும் அந்த முதல் லிஸ்டின் 421 அப்படியே ஒட்டியிருந்தது! அடுத்த வருஷம் வரும் அப்பாக்கள் அதைத்தான் குறித்துக்கொண்டு போவார்கள்.

அடுத்த குழப்பம் இட ஒதுக்கீடு. இதில் தெருவில் பேசுவதற்கும் விதிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தமிழ்நாட்டில் மொத்தம் 69 சதவீதம்: பி.சி. 30 (அதில் 3.5 இஸ்லாமியருக்கு), எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதில் 3 அருந்ததியருக்கு), எஸ்.டி. 1. மீதி 31 ஓ.சி. அதாவது பொதுப் போட்டி. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கைக்கும், நம் பாலிடெக்னிக் சேர்க்கைக்கும் இந்தக் கணக்கு உண்டு.

'ஓ.சி. சீட் நமக்கில்லை, அது வேற ஆளுங்களுக்கு' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியே அல்ல. நூறு சீட் இருந்தால் முதல் 31 இடத்தை யார், எந்தச் சமூகம் என்று பார்க்காமல் மார்க் வரிசையில் மட்டும் நிரப்புவார்கள். பி.சி. மாணவன் இருபதாவது இடத்தில் இருந்தால் அவன் ஓ.சி. இடத்தில்தான் போகிறான், பி.சி. ஒதுக்கீட்டில் ஒரு இடத்தைத் தின்பதில்லை. அதன் பிறகுதான் 30 பி.சி. இடங்கள் நிரம்பும். ஆகவே 'பி.சி. கட்-ஆஃப் 398' என்று போட்டிருந்தால், பி.சி. மாணவர்கள் எல்லோரும் 398 சுமாருக்கு எடுத்தவர்கள் என்று பொருள் இல்லை. அந்த ஒதுக்கீட்டில் கடைசியாக உட்கார்ந்தவரின் மார்க் 398, அவ்வளவுதான். நம் வகுப்பிலேயே இதை வைத்து ஒருவரை ஒருவர் குத்திப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கணக்குத் தெரியாமல் பேசுகிற பேச்சு அது. அடுத்தவன் மார்க் ஷீட்டைப் பார்க்காமலே அவன் மார்க்கைச் சொல்லுகிற ஜோசியம்!

ஒரே மார்க்கில் இருவர் நின்றால்? பொறியியலில் கணிதம், இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, அப்படியும் சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றானால் ரேண்டம் எண். ஆகவே 'கட்-ஆஃப் 421' என்றால் 421 எடுத்த எல்லோருக்கும் கிடைத்தது என்றுகூட நிச்சயம் இல்லை.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பு முடித்ததும் பி.எஸ்.எல்.இ. என்ற தேர்வு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்! அந்த மார்க்கை வைத்துத்தான் எந்த உயர்நிலைப் பள்ளி என்று முடிவாகிறது. அங்குள்ள நம் தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழிப் பாடமாகத் தமிழையும் அந்தத் தேர்வில் எழுதுகிறார்கள். 2020 வரை அங்கே டி-ஸ்கோர் என்ற முறை இருந்தது. நமக்குக் கணக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன்: மாணவன் மார்க்கிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, பத்தால் பெருக்கி, ஐம்பதைக் கூட்டு. 80 மார்க் எடுத்தவன், சராசரி 65, திட்ட விலக்கம் 15 என்றால் டி-ஸ்கோர் 60. அதே 80, ஆனால் எல்லோரும் நன்றாக எழுதி சராசரி 75, திட்ட விலக்கம் 10 ஆகிவிட்டால் 55. தாள் சுலபமா கடினமா என்ற பிரச்னைக்கு அது ஒரு மருந்துதான். ஆனால் பக்கவிளைவு என்ன? நீ எவ்வளவு படித்தாலும் பக்கத்து பெஞ்சுக்காரன் படித்தால் உன் ஸ்கோர் இறங்கும். பிள்ளைகள் கழுத்தறுப்புப் போட்டியில் விழுந்தார்கள் என்று 2021-ல் மாற்றினார்கள். இப்போது பாடத்துக்கு 1 முதல் 8 வரை நிலைகள். 90-ம் அதற்கு மேலும் எடுத்தால் முதல் நிலை. நான்கு பாடம் கூட்டினால் சிறந்தது 4, கடைசி 32. இங்கே எண் குறைந்தால்தான் நல்லது. ஒரே எண்ணில் பலர் நிற்பதால் குடியுரிமை, விருப்ப வரிசை, அப்படியும் தீராவிட்டால் கம்ப்யூட்டர் குலுக்கல். அங்கும் போன வருஷம் எந்த எண் வரை சேர்ந்தார்கள் என்று வெளியிடுகிறார்கள். அங்கும் பெற்றோர்கள் அதையே விதி என்று பிடித்துக்கொண்டு தூக்கம் கெடுகிறார்கள்!

என் அபிப்பிராயம், மார்க்கைவிட வரிசை எண்தான் உண்மை பேசும். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நம் அரசு நிறுத்தியது நல்லதுதான். பேப்பரில் போட்டோ வராத பிள்ளைகளும் பிள்ளைகள்தானே. ஆனால் ஒரு பள்ளியின் சேர்க்கை லிஸ்டில் 'இத்தனை சீட், இத்தனை விண்ணப்பம், உன் இடம் இத்தனையாவது' என்று ஒட்டினால் பாதி வளையல்கள் கையிலேயே இருக்கும்.

கேட்க வருகிற பெற்றோருக்கு நான் சொல்வது: எண்ணைக் கேட்டவுடன் நான்கு கேள்வி திருப்பிக் கேளுங்கள். இது எந்த வருஷத்து எண்? முதல் லிஸ்டா, கடைசி லிஸ்டா? எந்தப் பிரிவுக்கு? மொத்த மார்க்கா, கணிதம் அறிவியல் மட்டுமா? இதற்கெல்லாம் பதில் வராவிட்டால் அந்த எண்ணை மறந்துவிட்டு அப்ளிகேஷன் போடுங்கள். கம்யூனிட்டி சர்டிபிகேட்டை முன்னாலேயே வாங்கி வையுங்கள். அது இல்லாமல் நின்றுபோனவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் குரூப் கிடைக்கவே இல்லையா, நம் பாலிடெக்னிக் வாசல் இருக்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு என்பது எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

நம்மில் பலர் டிப்ளமோ முடித்து பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுக்குப் போக நினைக்கிறோம். அந்தக் கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பல வருஷம் நடத்தி வந்திருக்கிறது. அங்கே நம் டிப்ளமோ சதவீதம்தான் கட்-ஆஃப். சீனியர் யாராவது "92 இல்லாம அந்தக் காலேஜ் பக்கமே போகாதே" என்று சொன்னால், அது எந்த வருஷம், எந்த பிராஞ்ச், எந்த ரவுண்டு என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விருப்பப் பட்டியலில் அந்தக் காலேஜையும் தைரியமாக மேலே போடுங்கள். பட்டியலில் கூடுதலாக ஒரு வரி சேர்க்கப் பணம் கேட்பதில்லை.