நிறுத்துவதற்கு முன் ஒரு பரிசோதனை

வயிறு உப்புசமா? கோதுமையை நிறுத்து. களைப்பா? கோதுமையை நிறுத்து. வானொலி நிலையத்துப் பசியாறல் மேசையில் இப்போதெல்லாம் எல்லாருமே பாதி டாக்டர். ஆனால் சீலியாக் நோய் என்ற சந்தேகம் வந்துவிட்டால், இந்த அறிவுரையே நோயைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடும்.

என் தங்கைக்கு நெடுநாளாக இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் ஏறவில்லை. டாக்டர் சீலியாக் என்று சந்தேகித்த அன்றே அம்மா ஆட்டா மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். டாக்டரோ, "சோதனை முடியும்வரை சப்பாத்தி சாப்பிடட்டும்" என்றார். "பிள்ளையை நோகடிக்கவா சொல்றாரு?" என்று அம்மாவுக்குக் கோபம்.

காரணம் இதுதான். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம் குளூட்டன். சீலியாக் உள்ளவர்களின் நோய் எதிர்ப்புச் சக்தி, குளூட்டன் உள்ளே போனதும் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சாப்பாட்டிலுள்ள சத்து உடம்பில் சேராது. இரத்தப் பரிசோதனை தேடுவது அப்போது உருவாகும் எதிர்ப்பொருள்களை. அதன்பின் எண்டோஸ்கோப்பியில் குடலிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார்கள். குளூட்டனை நிறுத்தினால் எதிர்ப்பொருள்கள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களைப் பொதுவாக, தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உணவை, குறைந்தது 6 வாரம் மீண்டும் சாப்பிட்ட பிறகே சோதிக்கச் சொல்கிறார்கள். நிறுத்தி நிம்மதியானவருக்கு அது பெரும்பாடு. நீங்களாக அதைத் தொடங்காமல், டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

"நிறுத்தினால் நன்றாக இருக்கிறதே, பெயர் எதற்கு?" என்று கேட்கலாம். சீலியாக் என்றால் ஆயுள் முழுதும் பத்தியம். விருந்தில் ஒரு வாய்கூடக் கூடாது. உறுதியாகத் தெரியாமல் யாரால் அப்படி இருக்க முடியும்? பெற்றோர், உடன்பிறப்புகள், பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். தங்கைக்கு உறுதியானதும் நானும் இரத்தம் கொடுத்தேன்.

அரிசி சாப்பிடும் நமக்குப் பத்தியம் சுலபம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இட்லி, இடியாப்பம், சோறு எல்லாம் சரி. ரொட்டி சானாய், ரவா தோசை, மஞ்சள் மீ ஆகாது. அதுவும் தெரிந்ததுதான். ஒளிந்திருப்பவைதாம் வம்பு. மீஹூன் அரிசிதான், ஆனால் அதில் ஊற்றும் கிச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை. மைலோவில் பார்லி மால்ட். ரொட்டி போட்ட அதே கல்லில் தோசை ஊற்றினாலும் ஆபத்து.

சாம்பார் பாதுகாப்பானது என்றிருந்த அம்மா, ஒருநாள் கூட்டுப் பெருங்காய டப்பாவின் பின்புறத்தைப் படித்தார். கோதுமை மாவு! இப்போது மளிகைக் கடைக்குப் போனால் மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவர் எதையும் எடுப்பதில்லை.