கல்வட்டத்தைக் கலைக்காதீர்கள்

வெள்ளகோவிலில் இருந்து காங்கேயம் போய், அங்கிருந்து சென்னிமலைப் பக்கம் சென்றால் நொய்யலின் வடகரையில் கொடுமணல். ஊரை ஒட்டிய மேட்டுக்காட்டில் பெரிய கற்கள் வட்டம் வட்டமாகப் பதிந்து கிடக்கின்றன. 250க்கும் மேற்பட்ட வட்டங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கல்லறை. வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் குறிப்பிடும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இந்தக் கல்லறைகளைக் கட்டியவர்களின் கைத்திறனை அருகில் இருந்து பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் குவித்த சிறுகற்களை நீக்கினால் மூடுபலகை. அதன் கீழே கருங்கல் பலகைகளால் ஆன அறை. இதைத்தான் கற்பதுக்கை என்கிறார்கள். நான்கு பலகைகளையும் சும்மா சதுரமாக நிறுத்திவிடவில்லை. ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையில் முட்டுக்கொடுக்க, மறுமுனை சற்றே வெளியே நீண்டிருக்கும். சுற்றியுள்ள மண் எவ்வளவு அழுத்தினாலும் பலகைகள் ஒன்றை ஒன்று இறுக்கிக்கொள்ளுமே தவிர உள்ளே சாயாது. சுண்ணாம்பும் இல்லை, இரும்புப் பிணைப்பும் இல்லை. கிழக்குப் பலகையில் ஓர் இடுதுளை. உள்ளே கருப்பு சிவப்புப் பானைகள், இரும்பு வாள், அம்பு முனை.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வில் ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் குஜராத்தில் இருந்து வந்தது. இன்னொரு கல்லறையில் கல் பதித்த வெண்கலப் புலி. பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோரின் உழைப்பால் கொடுமணலின் பெயர் உலக ஆய்வேடுகளில் ஏறியது. இரும்பு உருக்கிய உலைகளும், மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும், தமிழ் பிராமியில் பெயர் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் ஊருக்குள் கிடைத்தன. காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல், சிவன்மலைப் பக்கம் நீலக்கல், சென்னிமலைப் பக்கம் இரும்புத்தாது. மேற்குக் கரையின் முசிறியில் இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வணிகப் பாதையில் இந்த ஊர் இருந்தது. சரக்குக்கு விலையாக வந்த ரோம வெள்ளிக்காசுகள் கத்தாங்கண்ணியிலும் கோவை வெள்ளலூரிலும் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அகஸ்டஸ், திபேரியஸ் பேரரசர்களின் முகம்.

அந்த அகஸ்டஸின் கல்லறை ரோம் நகரில் இருக்கிறது. கி.மு. 28இல் கட்டத் தொடங்கிய அந்த வட்டக் கட்டடம் பிற்காலத்தில் கோட்டையாகவும் இசை அரங்காகவும் மாறி, பிறகு பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்து, சீரமைப்புக்குப் பின் 2021 மார்ச்சில்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே காலத்தைச் சேர்ந்த கையுஸ் செஸ்தியுஸ் என்ற ரோமானியரின் கல்லறை இன்னும் விசித்திரமானது. எகிப்திய பிரமிடு போலவே, ஏறத்தாழ 36 மீட்டர் உயரம். 330 நாளில் கட்டி முடித்ததாக அதன் கல்வெட்டே சொல்கிறது. 3ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நகர மதிலுக்குள் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டதால் தப்பிப் பிழைத்தது.

செஸ்தியுஸ் பிரமிடின் மேலுறை வெண்சலவைக்கல். வேதியியல்படி அது கால்சியம் கார்பனேட். வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் உள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி, சலவைக்கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றிவிடும். ஜிப்சத்தில் புகைக்கரி ஒட்டிக் கருப்புப் பொருக்கு கட்டும். போதாக்குறைக்குப் பாசியும் கல்பாசியும் படரும். இடுக்குகளில் செடி முளைத்து, வேர் பருத்துக் கல்லையே நெம்பும். பிரமிடு கரிக்கட்டை நிறமாகிவிட்டது. ஒசாகாவைச் சேர்ந்த துணி வணிகர் யூசோ யாகி 20 லட்சம் யூரோ கொடுத்தார். இத்தாலிய உடைகளை இறக்குமதி செய்து வளர்ந்தவர். அந்த நாட்டுக்கு நன்றியாகச் செய்தார். கல்லைக் கழுவி, செடிகளை அகற்றி, விரிசல்களை அடைத்து, 2015இல் பிரமிடு மீண்டும் வெள்ளையானது. பின்னலாடையால் உலகமெங்கும் பெயர் பெற்ற திருப்பூர் மாவட்டத்தில் இருந்து இதைப் படிக்கையில் எனக்கு ஏக்கம் வருகிறது.

ஆனால் ரோமின் வைத்தியம் நமக்கு அப்படியே பொருந்தாது. நம் கருங்கல்லில் இருப்பவை பெரும்பாலும் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும். சலவைக்கல்லைத் தின்னும் அமிலம் இவற்றை எளிதில் தொடாது. கொங்கு வெயிலும் மழையும் இரண்டாயிரம் ஆண்டில் இந்தப் பலகைகளைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இவற்றுக்கு எமன் மனிதக் கைதான். காட்டைச் சமன்படுத்த வரும் ஜே.சி.பி. ஒரு கல்வட்டத்தை அரை மணி நேரத்தில் வரப்போரம் ஒதுக்கிவிடும். பலகைக் கல் களத்து மேட்டுக்கும் வாசல்படிக்கும் போகும். புதையல் ஆசையில் இரவில் தோண்டுகிறவர்கள் பானையை உடைத்து, எலும்பை எறிந்துவிட்டுப் போவார்கள். இந்தக் கல்லறைகளில் பொற்குவியல் கிடையாது. கிடைப்பது மண்ணும் மணியும் துருவும்தான்.

உழாத நிலத்தில்தான் கல்வட்டம் தங்கும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்துக்கே உரிய கொறங்காடு இதற்குப் பெரிய காவல் என்பது என் கருத்து. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலுமாகக் காளைக்கும் ஆட்டுக்கும் விட்டுவைத்த மேய்ச்சல் நிலம் அது. அங்கே ஆழ உழவு இல்லை. புல்வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. கொறங்காடு மனைக்கட்டாக மாறுகிற வேகத்தைப் பார்த்தால், அழிவது புல் மட்டும் அல்ல என்பது புரியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் உடனே தோண்டி அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். அகழாய்வு என்பது ஒரே ஒரு முறை செய்யக்கூடிய சோதனை. மண்ணடுக்கைக் கலைத்த பிறகு பழையபடி அடுக்க முடியாது. 1985இல் இல்லாத கருவிகள் இன்று இருக்கின்றன. பல் எனாமலில் உள்ள ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்தால், அந்த மனிதர் சிறுவயதில் எந்த வகைப் பாறை நிலத்தின் நீரும் உணவும் உண்டு வளர்ந்தார் என்று ஊகிக்கலாம். சூதுபவள மணிகளோடு புதைக்கப்பட்டவர் நொய்யல் கரையில் வளர்ந்தவரா, கல்லோடு வடக்கே இருந்து வந்தவரா என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் எலும்பின் டி.என்.ஏ. சீக்கிரம் சிதையும். உட்காதைச் சூழ்ந்த கெட்டி எலும்பில்தான் அது கொஞ்சமாவது மிஞ்சும். அதனால் மண்டையோட்டை அசைக்காமல் எடுக்க வேண்டும். கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இந்த வழியில் ஆராய்ந்து வருகிறது. பானை ஓட்டின் நுண்துளைகளில் ஊறிய கொழுப்பில் இருந்து, அதில் இருந்தது பாலா, இறைச்சியா, தானியமா என்றும் பார்க்கிறார்கள். பானையைத் தேய்த்துக் கழுவிவிட்டால் அந்தச் சான்றும் மங்கிப்போகும்.

இன்னும் 30 ஆண்டில் எந்தக் கருவி வரும் என்று யாருக்குத் தெரியும்? அதற்காகச் சில கல்லறைகளை மூடியபடியே விட்டுவைப்பதும் அறிவியல்தான். வேலியும், அறிவிப்புப் பலகையும், நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு நியாயமான ஈடும் போதும். யாகி கொடுத்த தொகையில் சிறு பகுதி இதற்குச் சரியாக இருக்கும்.

சட்டமும் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மதிப்பில்லாத பானை ஓடு என்றாலும், கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் தொல்லியல் துறைக்குத் தகவல் போகும். ஆகவே உங்கள் காட்டில் வட்டமாகக் கல் கிடந்தால், ஜே.சி.பி.யைக் கூப்பிடும் முன் ஒரு படம் எடுத்து அவர்களிடம் காட்டுங்கள். தாழியோ பானையோ தட்டுப்பட்டால் அதோடு வேலையை நிறுத்துங்கள். வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள்.