ஆண்களுக்கு மார்பு பெருத்தல்: கத்திக்கு முன்னும் பின்னும்

நம் சங்க மலரில் வழக்கமாக நான் கல்வெட்டு, நிகண்டு, ஏட்டுச்சுவடி என்று ஏதாவது எழுதுவேன். இந்த முறை தலைப்பைச் சொன்னதும் மலர்க்குழு நண்பர், "என்ன நயினார், இதையெல்லாமா அச்சில போடறது?" என்று தயங்கினார். இப்படித் தயங்கித் தயங்கித்தான் எங்கள் வீட்டில் இரண்டு பேர் காலம் கடத்தினோம். ஒருவன் என் பேரன். இன்னொருவர் நான்.

என் கதை 2019இல் நடந்தது. இதயம் தளர்ந்து காலில் நீர் கோத்துக்கொண்டதால், ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். சில மாதங்களில் இடது காம்புக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடிப்பு வந்தது. சட்டை உரசினாலே வலி. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம், யாரிடம் இதைப் போய்ச் சொல்வது என்ற கூச்சம் ஒரு பக்கம். எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வீட்டுக்காரிதான் பிடிவாதமாக அழைத்துப்போனாள். மாமோகிராம் எடுக்க நின்ற வரிசையில் நான் ஒருவன்தான் ஆண். படத்தில் பயப்படும்படி ஒன்றுமில்லை. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தி எப்லெரினோன் என்ற மாற்று மாத்திரையைக் கொடுத்தார். நாலு மாதத்தில் வலி போயிற்று, தடிப்பும் சுருங்கிவிட்டது. கத்தியே தேவைப்படவில்லை.

அந்த ஃபைலை எடுத்து அடுக்கும்போது மகள்வயிற்றுப் பேரன் அதைப் படித்திருக்கிறான். அன்று ராத்திரி மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "தாத்தா, உங்களுக்கு மாத்திரையால வந்துது. எனக்கு எதனால வந்துது?" என்றான். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. மும்பை மே மாதப் புழுக்கத்திலும் ஏன் இரண்டு பனியன் போடுகிறான், கூன் போட்டு ஏன் நடக்கிறான், ஊர் ஜினாலயத்தில் அபிஷேகத்துக்குச் சட்டையைக் கழற்றச் சொன்னால் ஏன் வெளி மண்டபத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான் என்பதெல்லாம் எனக்கு அந்த ஒரு கேள்வியில் விளங்கிற்று. பக்தி குறைந்துபோயிற்று என்று நான் நாலு வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கு மருத்துவத்தில் கைனகோமாஸ்டியா என்று பெயர். கிரேக்க மொழியில் பெண்ணையும் மார்பகத்தையும் குறிக்கும் இரண்டு சொற்கள் சேர்ந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலன் என்ற வைத்தியரே இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். ஆனால் பெயரைக் கேட்டு ஆண்மைக் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜன் எல்லா ஆண்களின் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. ஆண்மைச் சுரப்புக்கும் அதற்கும் உள்ள தராசு சாய்ந்தால் காம்புக்கு அடியில் இருக்கும் சுரப்பித் திசு வளரும். தாயின் சுரப்பு மிச்சமிருப்பதால் பிறந்த குழந்தைக்கு வரும், பதின்பருவத்துப் பையன்களுக்கு வரும், வயதான பிறகும் வரும். பையன்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாக வடிந்துவிடுகிறது.

அப்படி வடியாதபோதும், நடுவயதில் திடீரென்று வரும்போதும் காரணம் தேட வேண்டும். மாத்திரைகளின் பட்டியல் நீளம். நான் சாப்பிட்டது போக, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினஸ்டெரைட், அமிலத்துக்குத் தரும் சிமெடிடின், பூஞ்சைக்குத் தரும் கீட்டோகோனசோல் மாத்திரை எல்லாம் அதில் உண்டு. உடம்பு ஏற்றுவதற்காகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசியும் அதே வேலையைச் செய்யும். ஈரல் சுருக்கம், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு மிகை, விதையில் கட்டி, ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக அமைந்த கிளைன்ஃபெல்டர் நிலை இவையும் காரணமாகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீண்ட கைதிகளில் சிலருக்கு நல்ல சாப்பாடு கிடைக்கத் தொடங்கிய பிறகு மார்பு வீங்கியதாகப் பதிவு உண்டு. பட்டினியில் அடங்கிக் கிடந்த சுரப்புகள் மறுபடி எழுந்ததன் விளைவு அது.

இன்னொன்று, சுரப்பி வளராமல் வெறும் கொழுப்பு மட்டும் சேர்ந்திருப்பது. டாக்டர் இரு விரலால் பிடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சுரப்பியானால் காம்புக்கு நேர் அடியில் ரப்பர் தட்டுப்போல் தட்டுப்படும். கல்போல் கெட்டியாக, காம்பைவிட்டு ஒதுங்கி, வலியில்லாமல் ஒரு பக்கத்தில் மட்டும் கட்டி இருந்தாலோ, காம்பு உள்ளிழுத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. மார்பகப் புற்றுநோயில் நூற்றில் ஒன்று ஆண்களுக்கு வருவது.

பேரனை முதலில் கூட்டிப்போனது, லோக்கல் ரயிலில் விளம்பரம் பார்த்த ஓர் இடத்துக்கு. ஒரு மணி நேர ஆபரேஷன், சாயங்காலம் வீடு என்றார்கள். அங்கே பையனைச் சரியாகத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அட்வான்ஸ் எவ்வளவு என்றுதான் பேச்சு. நாற்பது வருஷம் பாத்திரக் கடை நடத்தியவனுக்கு, சரக்கைப் பார்க்காமல் விலை பேசுகிறவனை அடையாளம் தெரியாதா? எழுந்து வந்துவிட்டோம். பிறகு பார்த்த சர்ஜன் அரை மணி நேரம் கேள்வி கேட்டார், விதையையும் சோதித்தார், ரத்தப் பரிசோதனைக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் எழுதினார். எல்லாம் சரியாகவே இருந்தன. "ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கலாம். ஒரு வருஷம் தாண்டினா திசு நாராகிடும், அப்புறம் மருந்து பிடிக்காது. இது நாலு வருஷம் ஆனது" என்றார். ஆக, கத்தி.

சமணக் குடும்பத்தில் கத்தி என்றால் கொஞ்சம் மனசு கூசும்தான். ஆனால் இந்தச் சிகிச்சை பழையது. 7ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த பால் ஆஃப் ஏஜினா என்ற வைத்தியர், மார்புக்குக் கீழே பிறைபோல் கீறி, கொழுப்பை எடுத்துத் தைக்கச் சொல்கிறார். தொங்கும் மார்பானால் முனைகள் சேரும்படி இரண்டு பிறைகள் கீறி, இடையிலுள்ள தோலையும் எடுத்துவிட வேண்டும். ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவின் அல்-ஸஹ்ராவியும் இதை எழுதியிருக்கிறார். தழும்பு பெரிதாகத் தெரிவதுதான் அந்த முறையில் குறை. 1946இல் அமெரிக்கரான ஜெரோம் வெப்ஸ்டர், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறும் முறையை வெளியிட்டார். கருப்பும் வெளுப்பும் சேரும் கோட்டில் தழும்பு ஒளிந்துகொள்கிறது. பிரெஞ்சு சர்ஜன் இல்லூஸ் 1970களின் கடைசியில் கொண்டுவந்த கொழுப்பை உறிஞ்சும் முறை பிற்பாடு இதோடு சேர்ந்துகொண்டது.

இன்று நடப்பது பெரும்பாலும் இரண்டும் கலந்ததுதான். மயக்கம் கொடுத்து, ரத்தம் அதிகம் போகாமலிருக்க அட்ரினலின் கலந்த திரவத்தை மார்பில் செலுத்தி, சின்னத் துளை வழியே மெல்லிய குழாயைவிட்டுக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். சுரப்பி குழாயில் வராது, அதை அரைவட்டக் கீறல் வழியே வெட்டி எடுக்க வேண்டும். கைத்திறமை தெரிவது இந்த இடத்தில்தான். முழுக்கச் சுரண்டிவிட்டால் காம்பு குழிந்து சாசர்போல் ஆகிவிடும். அதனால் அடியில் ஒரு மெல்லிய தட்டு அளவுக்குத் திசுவை விட்டுவைக்கிறார்கள். எடுத்ததைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2020இல் செய்வதாக இருந்தது, கொரோனாவில் தள்ளிப்போய் 2022இல் நடந்தது. காப்பீட்டுக்காரர்கள் அழகுச் சிகிச்சை என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். நாலு வருஷம் கூன் போட்டு நடந்த பையனுக்கு எது அழகு என்று அவர்களிடம் யார் வாதாடுவது? கைக்காசுதான். முதல் ராத்திரி இடது பக்கம் வீங்கி ரத்தம் கட்டிக்கொண்டது. இந்த ஆபரேஷனில் அடிக்கடி வரும் தொல்லை அதுதானாம். மறுநாள் மறுபடி உள்ளே கொண்டுபோய் எடுத்தார்கள். வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் ஆறு வாரம் இறுக்கமான பனியன், பாரம் தூக்கக் கூடாது. காம்பில் உணர்ச்சி திரும்ப ஏழெட்டு மாதம் ஆனது. வலது இடது கொஞ்சம் வித்தியாசம் இன்றும் இருக்கிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனோம். அபிஷேகத்தன்று அவனைத் தேடினேன், வெளி மண்டபத்தில் காணோம். உள்ளே, இடுப்பில் வேட்டியும் தோளில் துண்டுமாக, பால் குடத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தான். துண்டு நழுவியபோது இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.