கம்பூட்ஸ் வாங்கப் போகிறீர்களா? காலை அளந்துவிட்டுப் போங்கள்

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் நம் ஜமாஅத்துகளில் முதலில் தயாராவது படகும் பிரியாணி தேக்சாவும்தான். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து, மதம் பாராமல் மக்களைத் தங்க வைத்தன. தண்ணீர் வடிந்த பிறகு நம் இளைஞர்கள் தெருத்தெருவாகக் குப்பை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தூத்துக்குடி மாவட்டமே தத்தளித்தபோதும் களத்தில் நின்றவர்களில் நம் பிள்ளைகள் இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர்களில் பலர் அந்தத் தண்ணீரில் இறங்கியது ஹவாய் செருப்போடு. சிலர் வெறுங்காலோடு.

வெள்ளத்தில் ஓடுவது மழைநீர் மட்டுமல்ல. சாக்கடை, கழிவறைத் தொட்டி, இறந்த பிராணி, உடைந்த கண்ணாடி, ஆணி அடித்த பலகை எல்லாம் அதில் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ, நெடுநேரம் நனைந்து ஊறிய தோல் வழியாகவோ உடம்புக்குள் போனால் எலிக்காய்ச்சல் வரும். முற்றிவிட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கி உயிரையும் பறிக்கும். இலங்கையில் வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு முன்கூட்டியே சுகாதாரத் துறை மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான்.

எனவே கம்பூட்ஸ் தேவை. இதை ஏற்றுக்கொண்ட ஊர்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே நடப்பது என்ன? கடைக்குப் போய் 8, 9 என்று இரண்டே அளவில் மொத்தமாக வாங்கி வந்து பள்ளிவாசல் அறையில் அடுக்கிவிடுகிறோம். 6-ஆம் அளவு காலுள்ள பையன் போட்டால் சேற்றில் கால் மட்டும் வெளியே வருகிறது, பூட்ஸ் உள்ளேயே நிற்கிறது. 10-ஆம் அளவு காலுள்ளவருக்குப் போடவே முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிவிடுகிறார்கள். ரசீது கணக்கில் பூட்ஸ் இருக்கிறது, காலில் இல்லை. தோட்டத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி வாங்கிக் கொடுக்கும் பூட்ஸின் கதையும் பெரும்பாலும் இதுவே. காலுக்குச் சுகமாக இல்லாத பூட்ஸை யாரும் போடுவதில்லை, போடாத பூட்ஸ் யாரையும் காப்பதில்லை. சுகம் என்பதை இங்கே ஆடம்பரமாக நினைத்துவிடக் கூடாது.

இந்தப் பூட்ஸை ஆங்கிலேயர்கள் வெலிங்டன் என்று அழைக்கிறார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதான போரில் பிரிட்டிஷ் தரப்பில் நின்ற ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிற்காலத்து வெலிங்டன் பிரபு. லண்டனில் தன் செருப்புத் தொழிலாளியிடம் சொல்லி அவர் செய்து போட்டுக்கொண்டது தோல் பூட்ஸ். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த பிறகு, 1853-ல் ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் பதுங்கு குழித் தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்களின் பாதங்கள் ஊறி அழுகியபோது, பிரிட்டிஷ் இராணுவம் பத்து லட்சம் ஜோடிக்கு மேல் வாங்கியது. பிரபுவின் பூட்ஸ் உழைப்பாளியின் பூட்ஸான வரலாறு சுருக்கமாக இதுதான்.

இனி கடைக்குப் போவோம். நம் ஊர்க் கடைகளில் தொங்குவதில் பெரும்பான்மை பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனது. அச்சில் ஊற்றி ஒரே துண்டாக எடுப்பதால் தையலும் ஒட்டும் இல்லை, விலையும் சில நூறு ரூபாய்தான். ஆண்டில் சில நாட்கள் வெள்ள வேலை, வீடு கழுவுதல், கொல்லைப்புற வேலை என்றால் இதுவே போதும். ஆனால் விறைப்பு அதிகம், கனமும் உண்டு. வெயிலில் கிடந்தால் மேலும் விறைத்து, விரல் மடங்கும் இடத்தில் வெடிக்கும். இயற்கை ரப்பர் பூட்ஸ் விலை கூடுதல், ஆனால் காலோடு வளையும். நாள் முழுவதும் நடப்பவருக்கு அந்த வேறுபாடு மாலையில் இடுப்பில் தெரியும். அதன் பலவீனம் எண்ணெயும் கொழுப்பும். ஆகவே குர்பானிக் கூடத்தில் நிற்பவருக்கும் இறைச்சிக் கடைக்காரருக்கும் இயற்கை ரப்பர் சரிவராது. கொழுப்பு பட்டுப்பட்டு ரப்பர் ஊதிப் பதம் கெட்டுவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் கலந்த பிவிசி அவர்களுக்கு ஏற்றது. பாலியூரித்தேன் பூட்ஸ் இலேசானது, காலுக்கு இதமானது, ஆனால் சிறிய ஊர்களில் கிடைப்பது அரிது.

புதிய ரப்பர் பூட்ஸின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பழைய சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரப்பருக்குள் இருக்கும் பொருள்கள் மேலே கசிந்து படிவது அது, துடைத்தால் போய்விடும். பார்க்க வேண்டியது வேறு. கணுக்கால் பகுதியைக் கையால் நன்றாக மடக்குங்கள். மடிப்பில் நிறம் வெளுத்துக் கோடு நின்றாலோ, மயிரிழை போல வெடிப்பு தெரிந்தாலோ வைத்துவிடுங்கள். அடிப்பாகத்தின் வரிப்பள்ளங்கள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால்தான் சேறு அடைத்துக்கொள்ளாது. ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள். ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557, பிவிசிக்கு ஐ.எஸ். 12254 என்ற எண்கள் உண்டு.

இடிபாடு அள்ளும் தொண்டர்களுக்கு வாங்குவதாக இருந்தால் இன்னும் ஒன்று கேளுங்கள். நுனியில் இரும்புத் தொப்பி வைத்ததும், அடியில் இரும்புத் தகடு வைத்ததும் கிடைக்கின்றன. நுனி இரும்பைப் பார்த்து எல்லோரும் மயங்குகிறார்கள். ஆனால் சேற்றுக்கடியில் நமக்குக் காத்திருப்பது ஆணி. அடித்தகடுதான் அதைத் தடுக்கும். இரண்டும் இருந்தால் எஸ் 5 என்று குறித்திருப்பார்கள்.

அளவுக்கு வருவோம். பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. மாலையில் போய் வாங்குங்கள், நடந்து நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். உள்ளே போடப்போகும் காலுறையைக் கையோடு கொண்டு போங்கள். கம்பூட்ஸில் அரை அளவு பொதுவாகக் கிடைக்காது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருப்பவர் பெரியதை எடுத்து, உள்ளே ஓர் அட்டைத்தளம் போட்டுக்கொள்வதே நல்லது. விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் இலேசாக எழும்புவது கயிறில்லாத பூட்ஸில் இயல்பு. கையிடுக்கு அளவுக்கு எழும்பினால் அது உங்கள் அளவு அல்ல.

போட்டு நின்று பார்த்தால் மட்டும் போதாது. கடையிலேயே குத்துக்காலிட்டு உட்காருங்கள். ஸஜ்தாவில் போல விரல்களை மடக்கிப் பாருங்கள். மேல் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் குத்தினால் உயரம் அதிகம். கெண்டைச்சதையைச் சுற்றி இரண்டு விரல் நுழைய வேண்டும். மிக அகலமாக இருந்தால் தண்ணீர் அள்ளும். மிக இறுக்கமாக இருந்தால் ஆபத்தான நேரத்தில் கழற்ற முடியாது.

பெண்களை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மாட்டுத் தொழுவம், கொல்லை, தோட்டம் என்று ஈரத்தில் அதிகம் நிற்பது அவர்கள்தான். கடையில் இருப்பதோ ஆண்களின் அளவு. 4, 5 வேண்டுமென்று கேட்டால் தருவித்துக் கொடுப்பார்கள், கேட்பதற்குத்தான் ஆளில்லை. சர்க்கரை நோயுள்ளவர் வீட்டில் இருந்தால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு உள்ளே கிடக்கும் சிறு கல்லும் தெரியாது, மடிந்த காலுறையும் தெரியாது. புண்ணாகிய பிறகுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துப் போட வேண்டும்.

விவசாயக் குடும்பங்களுக்குப் பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கீழ்க்காலிலும்தான். வரப்பில் நடக்க, இரவில் மோட்டார் போடப் போக, அறுவடைக்கு இறங்க, முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் பெரிய பாதுகாப்பு. ஆனால் நாற்று நடவுக்கு இதைப் போடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். உழுது குழைத்த சேற்றில் பூட்ஸோடு ஓரடி எடுத்து வைத்தவர்களுக்கு அது தெரியும்.

வேறு சில இடங்களிலும் கம்பூட்ஸ் காப்பாற்றாது. தண்ணீர் பூட்ஸின் விளிம்பைத் தாண்டும் ஆழம் என்றால் அதைப் போட்டு இறங்கவே கூடாது. உள்ளே நிறையும் தண்ணீர் காலில் கட்டிய குடமாகிவிடும், நீரோட்டத்தில் நிலை தவறும். அங்கே கயிறு கட்டிய சாதாரண ஷூவே மேல். ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறோம், மின்சாரம் தாக்காது என்ற நம்பிக்கையும் வேண்டாம். மின்வேலைக்கென்று சோதித்த பூட்ஸ் தனி. அறுந்த கம்பி கிடக்கும் தண்ணீரில் எந்தப் பூட்ஸோடும் இறங்கக் கூடாது. கான்கிரீட் போடும் சகோதரர்கள் விளிம்பு வழியாகச் சிமெண்ட் நீர் உள்ளே போய்விட்டால் வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தக் காரம் தோலைச் சுட்டுவிடும். உடனே கழற்றி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

களத்தில் நிற்கும் இளைஞர்கள் நம்மிடம் கேட்பது: ஒவ்வொரு தொழுகைக்கும் இதைக் கழற்ற வேண்டுமா? கழற்றத் தேவையில்லை. மார்க்கத்தில் காலுறை மீது மஸ்ஹு செய்யும் சலுகை உண்டு. தபூக் பயணத்தில் முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் காலுறைகளைக் கழற்றக் குனிந்தபோது, தூய்மையான நிலையில் அணிந்ததால் விட்டுவிடும்படி நபியவர்கள் கூறி அவற்றின் மீது மஸ்ஹு செய்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. கணுக்காலை மூடியிருக்க வேண்டும், அணிந்து நடக்கத்தக்கதாக இருக்க வேண்டும், தண்ணீர் உட்புகாததாக இருக்க வேண்டும் என்றெல்லாம் ஃபிக்ஹு நூல்கள் சொல்லும் நிபந்தனைகள் கம்பூட்ஸுக்கு முழுமையாகப் பொருந்துகின்றன.

முறை எளிது. முழுமையாக ஒளு செய்து, கால்களையும் கழுவி, பிறகு பூட்ஸ் அணிய வேண்டும். அணிந்த பின் முதன்முதலாக ஒளு முறியும் நேரத்திலிருந்து உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு அவகாசம். சுப்ஹுக்கு ஒளு செய்து பூட்ஸ் போட்டவருக்குக் காலை 9 மணிக்கு ஒளு முறிந்தால் மறுநாள் காலை 9 வரை மஸ்ஹு கூடும். நனைந்த விரல்களைப் பூட்ஸின் மேற்புறத்தில் விரல் நுனியிலிருந்து கணுக்கால் நோக்கித் தடவ வேண்டும், அடிப்புறத்தில் அல்ல. குளிப்பு கடமையானால் கழற்றியே ஆக வேண்டும். மஸ்ஹு செய்த பின் பூட்ஸைக் கழற்றினால் கால்களைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

சாக்கடை நீரில் நடந்த பூட்ஸில் அசுத்தம் ஒட்டியிருக்கும். முதலில் சுத்தமான தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவிவிட்டுத்தான் மஸ்ஹு. ரப்பர் என்பதால் ஒரு குழாயடியில் முடிந்துவிடும் வேலை. இன்னொன்று, கிழிசல். ஷாஃபிஈ மத்ஹபில் பாதம் தெரியும்படி எங்கே கிழிந்தாலும் மஸ்ஹு கூடாது. ஹனஃபியில் கால் சிறுவிரல்கள் மூன்றின் அளவு கிழிந்தால் கூடாது. ஆக, வெடித்த பூட்ஸ் வெள்ளத்துக்கும் உதவாது, ஒளுவுக்கும் உதவாது.

இது சலுகைதான், கட்டாயமல்ல. உள்ளே தண்ணீர் புகுந்து காலுறை நனைந்திருந்தால் ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் கழற்றி, கால்களைக் கழுவித் துடைத்து, உலர்ந்த காலுறைக்கு மாறுவதையே நாம் சொல்வோம். பதுங்கு குழிச் சிப்பாய்களின் பாதம் கெட்டது ஈரத்திலேயே நின்றதால்தான். பையில் இரண்டு ஜோடி உபரிக் காலுறை இருந்தால் போதும். நைலானைவிடத் தடித்த பருத்தி பரவாயில்லை, கம்பளி கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது.

வேலை முடிந்ததும் பூட்ஸை உள்ளும் புறமும் கழுவி, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகிலோ மொட்டை மாடி வெயிலிலோ வைத்தால் ஒரே பருவத்தில் பாழாகும். மடக்கி மூட்டை கட்டாமல் நிமிர்த்தி வையுங்கள். ஜெனரேட்டரும் மோட்டாரும் ஓடும் அறையில் வைக்காதீர்கள். அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரை அரிக்கும். நிமிர்த்தி வைத்த பூட்ஸில் தேளும் பாம்புக்குட்டியும் புகுந்துகொள்ளும் என்பதால், போடுமுன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்ட வேண்டும்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொண்டர் பட்டியலில் பெயருக்கும் இரத்த வகைக்கும் பக்கத்தில் கால் அளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். ஐப்பசி பிறக்குமுன் அந்தப் பட்டியலோடு கடைக்குப் போனால், பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் அதைப் போடப்போகிறவர் யார் என்பது முன்பே தெரிந்திருக்கும்.